உள்பக்கம் எது

தம்பி வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பியபோது முதலில் கை வைத்தது கதவுகளில்தான். பழைய கதவுகள் மழைக்காலத்தில் உப்பும், வெயில்காலத்தில் சுருங்கும். மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வீடு முழுக்கப் புதுக்கதவு போடுவதென்று முடிவானது. கூடத்துக்குப் பூ வேலை செய்த கண்ணாடிக் கதவு. தம்பியின் படுக்கையறைக்கு இழைத்து மெருகேற்றிய மரக்கதவு. பிள்ளைகள் அறைக்கு வெள்ளைக் கதவு. குளியலறைக்குத் தண்ணீர் பட்டாலும் உப்பாத பிளாஸ்டிக் கதவு. மாடிப்படிக்குக் கீழே பழைய செருப்பும் உடைந்த குடையும் கிடக்கிற பொந்துக்குக்கூட ஒரு கதவு, அதற்குச் சின்னதாய் ஒரு பித்தளைக் குமிழ் வேறு.

அக்காவின் அறைக்குத் திரைச்சீலை.

அக்கா என்றால் தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை. தம்பி மனைவிக்கும் அக்கா, பேக்கரியில் வேலை செய்கிறவர்களுக்கும் அக்கா, தெருமுனைக் காய்கறிக் கடைக்காரருக்கும் அக்கா. தம்பி பிள்ளைகளுக்கு மட்டும்தான் அத்தை. இரவெல்லாம் பேக்கரியில் அனல் பக்கம் நின்று ரொட்டி போட்டுவிட்டு, விடிந்தபின் வீடு வந்து, ஊரே விழித்திருக்கிற நேரத்தில் தூங்குகிறவள் என்பதால் பிள்ளைகள் அவளை ஆந்தை என்றும் கூப்பிடும். அத்தைக்கும் ஆந்தைக்கும் பெரிய தூரமில்லை என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

கல்யாணம் ஆகி, அது ஆகாமல் போய், ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த அன்று தம்பி பின்பக்கத்து அறையைக் காட்டி, இப்போதைக்கு இங்கே படுத்துக்கொள் என்றான். அந்த 'இப்போதைக்கு' ஒரு பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் மீசை முளைத்துக் காலேஜுக்குப் போயிருக்கும்.

அறை என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். கூடத்துக்கும் பின்முற்றத்துக்கும் நடுவில் இருந்த தாழ்வாரத்துக்குச் சுவர் எழுப்பி, கட்டில் போட்டால் அறை. துணி காயப்போடும் கொடி, தண்ணீர்த் தொட்டி, கரண்ட் மீட்டர் எல்லாம் பின்முற்றத்தில் இருந்தன. அங்கே போகிறவர்கள் அக்காவின் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தம்பி மனைவி ஈரத்துணி வாளியோடு போவாள். பிள்ளைகள் பந்தோடு போவார்கள், பந்து இல்லாமல் திரும்பி வருவார்கள், மறுபடியும் போவார்கள். மீட்டர் பார்க்க வருகிற ஆள் கட்டிலைக் கடக்கும்போது, "தூங்குங்கக்கா, தூங்குங்க" என்று அனுமதி வேறு கொடுத்துவிட்டுப் போவார். அவளைப் பெற்ற தாய்கூட அவள் தூங்குவதை இத்தனை முறை பார்த்திருக்க மாட்டாள்.

அன்று காலை புருவத்தில் மாவு ஒட்டியிருக்க வீட்டுக்குள் வந்தவளிடம்தான் தம்பி வீட்டுப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினான். ஒவ்வொரு அறையாக விரல் வைத்துக் கதவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் அறை வந்ததும் விரல் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது.

அங்கே எங்கே கதவு என்று கேட்டாள்.

"நமக்குள்ள என்னக்கா கதவு?" என்றான் தம்பி.

இந்த 'நமக்குள்ள' இருக்கிறதே, அது பெரிய கெட்டிக்காரச் சொல். கேட்கிறவர் வாயை அன்பால் அடைத்துவிடும். அவள் தட்டிலிருந்து பிள்ளைகள் எடுத்துத் தின்றால் நமக்குள்ள. அவள் குடையை எடுத்துப்போய்த் தொலைத்தால் நமக்குள்ள. இத்தனை காலமாக அந்தச் சொல்லைக் கேட்டு அவள் பேசாமல் எழுந்து போயிருக்கிறாள். அன்று எழவில்லை. இரவெல்லாம் நின்ற கால் வலித்தது, கண் எரிந்தது, படிக்குக் கீழே இருக்கும் பொந்தின் பித்தளைக் குமிழ் படத்தில் ஒரு புள்ளியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நமக்குள்ள கதவு வேண்டாம்னா உன் ரூமுக்கும் திரையே போட்டுடு. ரெண்டுக்கும் ஒரே துணியில எடுத்துக்கலாம்."

தம்பி மனைவி குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறியது. தம்பி காது வரை சிவந்து, பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொன்னான். பிறகு நியாயம் பேசத் தொடங்கினான். கதவு போட்டால் துணி காயப்போட எப்படிப் போவது, மீட்டர் பார்க்கிறவர் எப்படி வருவார், வழியை மறிக்கலாமா என்று அடுக்கினான்.

வழி இன்னொன்று இருந்தது. சமையலறையிலிருந்து பின்முற்றத்துக்கு ஒரு பழைய கதவு உண்டு. அதை மறைத்துக்கொண்டு ஆளுயர அலமாரி நின்றது. உள்ளே தம்பி கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளும் கோப்பைகளும். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்தவை. எந்த விருந்தாளியும் அந்தத் தகுதியை இன்னும் எட்டவில்லை. அந்த அலமாரியை நகர்த்தினால் போதும் என்று அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நகர்த்தினால் பீங்கான் உடைந்துவிடும் என்று தம்பியும் அத்தனை முறை சொல்லியிருக்கிறான். பீங்கான் உடையக்கூடாது, அவள் தூக்கம் உடையலாம்.

வீட்டில் தன் உழைப்பும் கிடக்கிறது என்று அவள் சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கதவு கேட்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமா என்ன. "எனக்குக் கதவு வேணும். நானே வந்து பார்த்து எடுப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். ஒரு வாளி கட்டிலைக் கடந்து போனது.

கதவுக் கடையில் நுழைந்ததும் கடைக்காரர் எந்த அறைக்கு என்று கேட்டார். பின்பக்கத்துக்கு, சாதாரணமாக ஒன்று போதும் என்றான் தம்பி. என் அறைக்கு என்றாள் அக்கா. கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதிரிச் சண்டைகளில் கதவு விற்றுப் பழகியவர் போலிருக்கிறது, வழிவிட்டு நின்றார்.

வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த கதவுகளை அவள் கண்ணால் பார்க்கவில்லை, காதால் பார்த்தாள். ரொட்டியின் அடியைத் தட்டி அது வெந்ததா வேகவில்லையா என்று சொல்வது அவள் தொழில். தட்டினால் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம் வர வேண்டும், அப்போதுதான் உள்ளே பதமாக வெந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுக்கு நேர்மாறு. பானைச் சத்தம் வந்தால் மேலே மெல்லிய பலகை, உள்ளே அட்டைக்கூடு. பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்கும். விரலை மடக்கித் தட்டி, காதை வைத்து, உதட்டைப் பிதுக்கி அடுத்த கதவுக்குப் போனாள். கடைக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தம்பி கொஞ்சம் தள்ளிப்போய்க் கைப்பிடிகளைப் பார்ப்பதுபோல் வேறு யாரோ ஆகிவிட்டான்.

கடைசி வரிசையில் ஒரு கதவு வேகாத ரொட்டியைப்போல அடங்கிய குரலில் 'தொம்' என்றது. அக்காவின் முகம் மலர்ந்தது. பேக்கரியில் இந்தச் சத்தம் வந்தால் திட்டிக்கொண்டே திரும்ப அனலுக்குள் தள்ளியிருப்பாள். இங்கே அந்தக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, இதுதான் என்றாள். கடைக்காரர், உள்ளே முழுக்கக் கட்டை, கனம் அதிகம், கீல் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும் என்றார். போட்டால் போயிற்று என்றாள். பின்பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு கனம் என்று தம்பி முனகியதைக் கடைக்காரரும் கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறாள் என்று தம்பி அன்று மனைவியிடம் சொன்னானாம். அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. ஆனால் மறுநாள் அக்கா கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று திட்டம் போட்டபோது, கையில் பெரிய அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கதவாக நின்றவள் தம்பி மனைவிதான்.

அக்கா கூடத்தில் நின்றுகொண்டாள். அட்டையை வலப்பக்கம் கீல் இருப்பதுபோல் திறக்கச் சொன்னாள். ஒரு சாண் திறந்ததுமே கட்டில், தலையணை, அவள் இரவுச் சட்டை எல்லாம் கூடத்துக்குக் காட்சி கொடுத்தன. இடப்பக்கம் கீல் இருப்பதுபோல் திறந்தபோது கட்டில் அட்டைக்குப் பின்னால் போய்விட்டது, வெறுஞ்சுவர் மட்டும் தெரிந்தது. கீல் கட்டில் பக்கம் என்று முடிவு செய்தாள். அப்படி வைத்தால் கதவு கட்டிலில் இடித்துப் பாதிதானே திறக்கும், வாளியோடு எப்படிப் போவது என்று தம்பி குறுக்கே வந்தான்.

"போகாதீங்க" என்றாள் அக்கா.

அட்டைக்குப் பின்னால் தம்பி மனைவி சிரித்தாளோ இருமினாளோ, அட்டை கொஞ்சம் ஆடியது.

நிலையை அளக்கத் தச்சர் வந்தபோது அக்கா அவரிடம் தனியாக நின்று பேசினாள். கீல் கட்டில் பக்கம். கதவுக்கு அடியில் வெளிச்சம் வருகிற சந்து கூடாது. தாழ்ப்பாள் உள்பக்கம். கடைசியாகச் சொன்னதை அவள் இன்னொரு தடவையும் சொன்னாள். தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நிலையில் கோடு போட்டுக்கொண்டே, உள்பக்கம்தான், சந்தேகமே வேண்டாம் என்றார். பக்கத்தில் நின்ற தம்பியும், உள்பக்கம்தான் பின்னே, வேறு எங்கே என்றான். இந்தக் கதவு விஷயத்தில் அவன் அவளோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் இல்லையா என்று நினைத்துக்கொண்டாள். அங்கேதான் ஏமாந்தாள்.

கதவு மாட்டுகிற அன்று பேக்கரியில் பகல் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவள் பகலும் நிற்க வேண்டியதாயிற்று. மாவு பிசையும்போதெல்லாம் கதவு நினைப்புதான். மாலையில் கால் வலியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது தச்சர் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கதவு நின்றது. நேராக, அழுத்தமாக, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்பதுபோல் நின்றது. கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டிவியின் கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி சத்தம் அடங்கியது. இத்தனை வருடத்தில் அந்த அறை மௌனமாக இருந்து அவள் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

தாழ்ப்பாளைப் போடக் கையை வைத்தாள். வழவழவென்று மரம். கொஞ்சம் மேலே தடவினாள், கீழே தடவினாள். மரம்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்து கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே, அவள் கண் மட்டத்தில், நீளமாக, பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது தாழ்ப்பாள்.

"அண்ணே, தாழ்ப்பாள் உள்பக்கம்னு சொன்னேனே."

"உள்பக்கம்தாங்க போட்டிருக்கேன்" என்று தச்சர் துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் தான் நின்ற கூடத்துத் தரையைக் காலால் தட்டிக் காட்டினார். "இதுதானே வீட்டுக்கு உள்பக்கம். தம்பியும் இங்கதான் கை காட்டினாரு."

தம்பி டிவியிலிருந்து எழுந்து வந்தான். முகத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தவனின் பெருமைதான் இருந்தது.

"ஆமாக்கா. உன் ரூமுக்கும் முற்றத்துக்கும் நடுவுல தகரக் கதவு ஒண்ணுதானே, எட்டி உதைச்சா விழுந்துடும். திருடன் கிருடன் சுவர் ஏறி வந்தாக்கூட இதைப் போட்டுட்டா வீட்டுக்குள்ள வர முடியாது. உனக்குக் கதவும் ஆச்சு, வீட்டுக்குப் பாதுகாப்பும் ஆச்சு."

அக்கா அந்தத் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"திருடன் வந்தா நான் எந்தப் பக்கம் இருப்பேன்?"

"நீ ராத்திரியில பேக்கரியிலதானே இருப்ப" என்றான் சட்டென்று.

"லீவு நாள்ல?"

தம்பி தச்சரைப் பார்த்தான். தச்சர் துடைப்பத்தைப் பார்த்தார்.

அவன் வேண்டுமென்றே செய்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. வஞ்சகம் என்றால் சண்டை போட்டுவிடலாம். அவன் வஞ்சகம் செய்யவில்லை, யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு உள்பக்கம் எது என்று கேட்டால் அவன் கை தானாகக் கூடத்தைக் காட்டுகிறது. இத்தனை வருடமாக அவள் படுத்து எழுந்த இடம் அவன் மனதில் வெளிப்பக்கமாகவே இருந்திருக்கிறது. துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, மீட்டர், அக்கா.

தம்பி மறுபடியும் பேசினான். வேலை முடிந்துவிட்டது, இனிக் கழற்றினால் ஓட்டை தெரியும், புதுக்கதவு பாழாகும்.

"இப்போதைக்கு இருக்கட்டும்க்கா. அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் குனிந்து தச்சரின் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். தச்சர் பதறிப்போய், நாளைக்குத் தானே வந்து மாற்றித் தருவதாகவும், கோணல்மாணலாகப் போனால் தன் பேர் கெட்டுவிடும் என்றும் சொன்னார். அவருக்கு அவர் கவலை. நாளைக்கு இல்லை, இன்றைக்கு, நானே என்று அவள் முதல் திருகில் திருப்புளியை வைத்தாள்.

"வீட்டுக்கு உள்பக்கம் எதுன்னு உனக்குத் தெரியாதாக்கா?" என்றான் தம்பி. அவன் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது.

"தெரியும். நான் இருக்கிற பக்கம்தான் உள்பக்கம்."

மூட்டை மூட்டையாக மாவு பிசைந்த கை. திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று அவள் உள்ளங்கைக்கு வந்தன. தம்பி போய் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அறைக்குள் வந்து தாழ்ப்பாளைக் கதவில் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. கனத்த கதவு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் திருக முடியவில்லை, அசைந்துகொண்டே இருந்தது. தச்சர் உதவலாமா கூடாதா என்று தம்பி பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றார். சமையலறையிலிருந்து தம்பி மனைவி வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கதவின் மேல் தோளைச் சாய்த்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். அட்டையைப் பிடித்து நின்றவளுக்குக் கதவைப் பிடிக்கவா தெரியாது.

தாழ்ப்பாள் கோணலாகத்தான் உட்கார்ந்தது. கடைசியில் ஒரு அழுத்து அழுத்தினால்தான் போய் விழும். தச்சருக்கு மனசு ஆறவில்லை. கூடத்துப் பக்கம் தெரிந்த திருகு ஓட்டைகளையாவது மக்கு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றார்.

"இருக்கட்டும்ண்ணே. பார்க்கிறவங்க என்னன்னு கேட்கட்டும்" என்றாள் அக்கா.

தூங்காத கண்ணோடே அன்று இரவும் வேலைக்குப் போனாள். விடிந்து வந்தாள், முகம் கழுவினாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைத் தள்ளி ஒரு அழுத்து அழுத்தினாள். அது போய் விழுந்த சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றே திறந்து இன்னொரு தடவை போட்டாள். பிறகு படுத்ததுதான் தெரியும்.

நடுப்பகலில் விழிப்பு வந்தது. யாரோ கைப்பிடியைத் திருகினார்கள். கதவு அசையவில்லை. "ஆந்தை பூட்டிக்கிச்சு" என்று ஒரு பிள்ளை கத்தியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் வந்தது. குசுகுசுவென்று பேச்சு. நீங்களே கேளுங்கள், உங்கள் அக்காதானே என்று தம்பி மனைவி சொல்வது மட்டும் விளங்கியது.

பிறகு கதவு தட்டப்பட்டது. அதிகாரமான தட்டல் இல்லை. தட்டிப் பழக்கமில்லாதவன், நகத்தால் தொட்டுப் பார்ப்பதுபோல் தட்டினான். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் அவளுக்காக ஒரு கதவை யாரும் தட்டியது அதுவரை நடந்ததில்லை.

"அக்கா" என்றான் தம்பி. கொஞ்சம் நிறுத்தினான். "உள்ள வரலாமா?"

அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். உள்ள என்கிறான். கூடத்தில் நின்றுகொண்டு, அவள் இருக்கிற இடத்தை உள்ள என்கிறான். அவனுக்கே தெரிந்து சொன்னானா, தெரியாமல் வாயில் வந்ததா, அது அவன் பாடு. எழுந்துபோய்த் திறந்துவிடலாம் என்று ஒரு கணம் கால் தரையைத் தேடியது. காலை மறுபடியும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்போ முடியாது. நான் தூங்கணும்."

வெளியே வாளியைத் தூக்குகிற சத்தம் வந்தது. அது போன திசை சமையலறை. கொஞ்ச நேரத்தில் கனமான எதையோ தரையில் தேய்த்து இழுக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, அந்தப் பக்கம் தூக்குங்கள் என்று தம்பி மனைவி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். பீங்கான்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கின. ஒன்று விழுந்து உடைந்தது. அந்தக் கனத்த கதவைத் தாண்டி அது மெல்லியதாகத்தான் வந்து சேர்ந்தது.

உடையட்டும் என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.